ஆறாவது இடம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. புத்தூரில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் என் பெயருக்குச் செய்ததை நான் அவர் பெயருக்குச் செய்கிறேன், அவ்வளவுதான்.

ஊரில் அவரை மில் அண்ணை என்பார்கள். பருத்தித்துறை வீதியோரம் அரிசியும் மிளகாயும் அரைக்கிற மில் அவருடையது. காலையில் எஞ்சின் தொடங்கினால் பின்னேரம்தான் ஓயும். கண் இமை மயிரிலும் மா படிந்திருக்கும். எஞ்சினை மேவிக் கத்திக் கத்தி அவருக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாமல் போய்விட்டது. கோயிலிலும் கத்தித்தான் கும்பிடுவார். முருகனுக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார் போலும் என்று ஐயரே சிரிப்பார்.

மில்லுக்குள்ளே, அரிசி கொட்டுகிற வாய்க்குப் பக்கத்தில், கறுப்பு மை பூசிய ஒரு பலகை சுவரில் ஆணியடித்துக் கிடந்தது. அதில் சோக்கால் எழுதிய ஆறு பெயர்கள். கரப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். யாழ்ப்பாணம் முழுவதிலும், தான் பார்த்த காலம் முழுவதிலும் ஆடியவர்களுக்குள் மேலான ஆறு பேர் இவர்கள்தான் என்று அவர் தீர்த்து வைத்திருந்தார். அவரை எந்தக் கழகமும் கேட்கவில்லை. அவர் ஒரு நாளும் பந்து தொட்டவரும் இல்லை. ஆனாலும் அச்சுவேலியில் இருந்தும் ஆவரங்காலில் இருந்தும் இளந்தாரிகள் ஒரு கொத்து அரிசியைச் சாட்டாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வரிசையில் நிற்கிற பெண்களுக்குத்தான் பொறுமை இருக்காது.

"அண்ணை, முதல் என்ரை மிளகாயை அரைச்சுத் தாங்கோ. பிறகு அந்த ஆறு பேரையும் ஆறுதலாய் அரைக்கலாம்."

அவருக்குச் சில விதிகள் இருந்தன. ஒருவன் ஐந்து கோடை ஆடியிருக்கவேண்டும். புகையிலை வெட்டி முடிந்து தோட்டங்கள் காய்கிற காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் கரப்பந்து. ஒரு கோடை மின்னுகிறவன் எல்லா ஊரிலும் இருப்பான், அவனைப் பலகையில் போட்டால் பலகை காணாது என்பார். யாராவது ஒருவனைப் பற்றி அளந்துகொண்டு நின்றால், எஞ்சினுக்கு மேலாகக் கத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தோக்கேக்கை ஆள் எப்பிடி?"

தோற்கிற நேரம் ஆள் எப்படி நிற்கிறான் என்றுதான் அவருக்குத் தெரியவேண்டும். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இன்னொரு விதி, பலகையிலிருந்து ஒருமுறை அழித்த பெயரை அவர் திரும்ப எழுதமாட்டார்.

எண்பத்தைந்தில் என்று நினைக்கிறேன், ஜேர்மனிக்குப் போன ஒருவன் விடுமுறைக்கு வந்து கழகத்துக்கு நடுவலைக்குப் புது நெற்றும் இரண்டு பந்தும் கொடுத்தான். நல்ல விளையாட்டுக்காரன்தான். நெற்றைக் கட்டுகிற அன்றைக்கு மில்லுக்கு வந்து, பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். மில் அண்ணை தானாகவே சொன்னார்.

"நாலு கோடை விளையாடிப்போட்டுப் போயிட்டாய். ஒண்டு குறையுது."

"அங்கையும் விளையாடினனான் அண்ணை."

"அங்கை நான் பாக்கேல்லையே. வந்து ஒண்டை விளையாடு. நாப்பது வயதெண்டாலும் எழுதுவன். நெற் வடிவான நெற். வேணுமெண்டால் நெற்றின்ரை பேரைப் போட்டுவிடுறன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் மா படிந்த சப்பாத்தைத் தட்டிக்கொண்டு போனான்.

பலகையில் முதலாவது பெயர் அவருடைய சொந்தத் தம்பியுடையது. அதைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு இருந்தது. தம்பி என்றபடியால்தான் முதலாவது என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அண்ணை கோபப்படவில்லை. "தம்பி எண்டபடியால் ஆறு கோடை பாத்துத்தான் எழுதினனான். மற்ற ஆக்களுக்கு அஞ்சு," என்றார். அது உண்மை. தம்பியும் அதைச் சொல்லிச் சிரிப்பான். பகலில் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவன், பின்னேரம் வலையோரம் எழும்பினால் நெஞ்சு நெற்றுக்குச் சரியாக நிற்கும். அவன் அடிக்கிற பந்தை எடுக்கப் போய் இரண்டு பேர் மணிக்கட்டை முறித்திருக்கிறார்கள்.

ஆட்டம் பார்க்க அண்ணை நெற் கட்டிய கம்பத்தடியில் நிற்பார். மற்றவர்கள் பந்தைப் பார்க்க, அவர் கைகளைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியஸ்தர் ஒருவர்தான். அவரும் ஸ்டூலில் ஏறி நிற்கிற யாரோ ஒரு பழைய விளையாட்டுக்காரர். வெயில் சாய்ந்து பனைகளுக்குப் பின்னால் போனதும் அவருக்குப் பந்து சரியாகத் தெரியாது. எதிரி அடித்த பந்து உன் கையில் பட்டு வெளியே போனால் நீயே கையைத் தூக்கவேண்டும். தூக்கினால் புள்ளி அவர்களுக்கு. தூக்காவிட்டால் மத்தியஸ்தர் உன்னைக் கேட்பார். நீ சொல்வதுதான் தீர்ப்பு. மத்தியஸ்தரைத் திட்டலாம், எதிரியைத் திட்டலாம். பந்து பட்டும் கையைத் தூக்காமல் விடுவது மட்டும் எங்கள் பக்கத்தில் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அப்பா இல்லை. தோட்டங்களில் வெங்காயம் கிண்டினேன், லொறியில் மூட்டை ஏற்றினேன். பள்ளிக்கூட வரவு இடாப்புக்குப் பிறகு என் பெயர் எழுத்தில் எங்கேயும் இருந்ததில்லை. எண்பத்தாறில், என் ஐந்தாவது கோடை தொடங்கி ஒரு மாதத்தில், ஆறாவது இடத்தில் இருந்த பழைய ஆளை அழித்துவிட்டு அண்ணை என் பெயரை எழுதினார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் மா அரைக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா. அவவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அந்தக் கிழமை மூன்று தரம் மில்லுக்குப் போனா. வீட்டில் அவ்வளவு அரிசி இருக்கவில்லை. கடைசித் தரம் பக்கத்து வீட்டு அரிசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா.

அந்தக் கோடையின் கடைசிப் போட்டி இணுவில் பெடியளோடு. மூன்றாவது செற், பதினான்குக்குப் பதின்மூன்று, நாங்கள் முன்னால். அவர்களுடைய நெட்டையன் ஒருவன் அடித்தான். நான் மறிக்க எழும்பினேன். பந்து என் வலது கை நடுவிரல் நுனியை உரசிக்கொண்டு பின்னால் வெளியே போய் விழுந்தது. ஈ உட்கார்ந்த அளவுதான். மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், படவில்லை என்று. ஆட்டம் முடிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு வீதி வரைக்கும் போனார்கள்.

மறுநாள் பலகையில் ஐந்து பெயர்கள்தான் இருந்தன. ஆறாவது இடத்தில் ஈரத்துணியால் துடைத்த தடம்.

நான் போனபோது மில்லில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. அதனால் நானும் கத்தித்தான் கேட்கவேண்டியிருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"ஏன் அண்ணை அழிச்சனீங்கள்?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்லுங்கோ."

"உனக்குத் தெரியாட்டில் எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஒரு கிழவியின் ஓலைக் கடகத்தை வாங்கி அரிசியைக் கொட்டினார்.

அவர் காரணம் சொல்லவில்லை. ஊர் சும்மா இருக்குமா? ஒரு கிழமைக்குள் நான் மில்லில் இருந்து மண்ணெண்ணெய் திருடினேன் என்று ஒரு கதை வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெட்டையின் கையைப் பிடித்தேன் என்று இன்னொன்று. அவரிடம் கேட்டவர்களுக்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்க் கதைதான் நிலைத்தது. அம்மா மில்லுக்குப் போவதை விட்டுவிட்டா. உரலைக் கழுவி எடுத்து வீட்டிலேயே இடிக்கத் தொடங்கினா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் உலக்கையை நிறுத்திவிட்டு, "கேட்டிருந்தால் நான் கடன்பட்டாவது வாங்கித் தந்திருப்பனே, ஏன்ராப்பா?" என்றா. நான் எடுக்கவில்லை என்றேன். அவ திரும்ப இடிக்கத் தொடங்கினா.

நான் ஊரை விட்டுப் போகிற நாளில், மில்லுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். அவர் மா படிந்தபடி வீதியைக் கடந்து வந்தார். அவருக்குத் தெரிந்த மெதுவில் சொன்னார்.

"பந்து போன உடனை நீ கையைக் களிசானிலை துடைச்சனி. பந்து படாதவன் கையைத் துடைக்கமாட்டான்."

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"ஊருக்குச் சொல்லேல்லை. சொன்னால் உன்னை ஒருத்தரும் இனி விளையாடக் கூப்பிடாங்கள்."

எனக்கு நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளன் என்று பெயர் வாங்கித் தந்துவிட்டு, நல்லது செய்த முகத்தோடு திரும்பி வீதியைக் கடந்து போனார். எங்கேயாவது, என்றைக்காவது, இவருடைய பலகையில் இவருக்கு நோகிற இடத்தில் கை வைப்பேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அம்மா தொண்ணூற்றொன்றில் செத்துப்போனா. கடைசி வரைக்கும் அவ நம்பியது மண்ணெண்ணெய்க் கதையைத்தான்.

மயிலிட்டியில் மீன்பிடி வள்ளத்துக்கு வேலைக்குப் போனேன். தோட்டக்காரன் கடலுக்கு வந்திருக்கிறான் என்று முதலில் சிரித்தார்கள். ஒரு மாதம் சத்தி எடுத்தேன், பிறகு பழகிவிட்டது. என்னோடு வலை இழுத்த ஒருவர் ஒரு காலத்தில் கரப்பந்து ஆடியவர். எண்பத்தேழில் புத்தூரில் வாழைத்தோட்டத்தில் ஷெல் விழுந்து மில் அண்ணையின் தம்பி செத்த செய்தி வந்தபோது நாங்கள் கரையில் வலையில் இருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அந்த மனிதர்தான் கண் கலங்கினார்.

"உன்ரை ஊர்ப் பெடியனுக்கு நாங்கள் ஒரு அநியாயம் செய்தனாங்கள்," என்றார்.

தம்பி மயிலிட்டிக்கு வந்து ஆடிய ஒரு போட்டி. கடைசிப் பந்தை அடித்தவர் இவர். பந்து வெளியே போனது. தம்பியின் கையில் பட்டது என்று மயிலிட்டிக்காரர் எல்லோரும் கத்தினார்கள். தம்பி இல்லை என்றான். அவன் சொன்னதை மத்தியஸ்தர் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் சனம் கூவிக்கூவித்தான் அவர்களை அனுப்பியது.

"படேல்லை. அடிச்ச எனக்குத் தெரியும்," என்று அவர் இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். "இவ்வளவு இடைவெளி. தெரிஞ்சுகொண்டுதான் நானும் கத்தினனான்."

அந்தப் போட்டியை எனக்கும் தெரியும். ஊரில் பேசியிருக்கிறார்கள். மில் அண்ணை அன்றைக்கும் கம்பத்தடியில்தான் நின்றார். ஆனால் மயிலிட்டி மைதானத்தில் பின்னேர வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அவர் பார்க்காத பந்து அது ஒன்றுதான். தம்பியைக் கேட்டாராம். "படேல்லை அண்ணை" என்றானாம். அந்தப் பலகையில் அவர் தன் கண்ணால் காணாமல், இன்னொருவர் வாயை நம்பி வைத்திருந்தது அந்த ஒரு பந்தைத்தான்.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, கை வைக்கிற இடம் எது என்று. அதை எட்டு வருடம் வைத்திருந்தேன். தொண்ணூறில் சண்டை வந்து மயிலிட்டிச் சனம் எல்லாம் ஊரை விட்டு எழும்பியது. அந்த மனிதர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். நான் கிளிநொச்சி, மாங்குளம், பூநகரி என்று திரிந்தேன். நெல்லு மூட்டை சுமந்தேன், கிணறு வெட்டினேன், கிளாலித் துறையிலிருந்து சைக்கிளில் சாமான் ஏற்றினேன். ஒரு தரம் மலேரியா, ஒரு தரம் காலில் துவக்குச் சன்னம். எல்லாம் வந்து போயின. அது மட்டும் என்னோடு வந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் மழையோடு மழையாக எழும்பி நடந்து தென்மராட்சிக்கு வந்தது. நான் அப்போது கொடிகாமத்தில் விறகு வெட்டி விற்றுக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காலையில் விறகு கொண்டுபோனேன். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை நிமிர்த்தி, சேலை கட்டி மறைத்திருந்தார்கள். கரும்பலகையின் ஒரு மூலையில் ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம் போட்டு ஐந்து பெயர்கள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முதலாவது, தம்பியின் பெயர். ஆறாவதில் இலக்கம் மட்டும்.

மில் அண்ணை கீழே உரப்பையை விரித்து இருந்தார். மா இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. இரண்டு கண்ணிலும் பால் போல வெள்ளை படர்ந்திருந்தது.

"ஆரது?" கத்திக் கேட்டார்.

சொன்னேன்.

"குரலைக் கேட்க விளங்குது. மயிலிட்டிக்குப் போனனி. இரு." உரப்பையில் இடம் விட்டுத் தந்து, "கொம்மா செத்ததெண்டு கேள்விப்பட்டன்," என்றார்.

அம்மாவைப் பற்றி அவர் வாயால் கேட்டதும் எனக்கு வேறு ஒன்றும் யோசிக்க இருக்கவில்லை.

"அண்ணை, மயிலிட்டியிலை தம்பிக்கு எதிரா அண்டைக்குக் கடைசிப் பந்தை அடிச்சவரோடை நான் நாலு வருஷம் ஒரே வள்ளத்திலை போனனான்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "என்ன சொன்னவன்?"

"பட்டதாம்."

பக்கத்துச் சேலைக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் அது ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"எந்தக் கையாம்?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "இடது கை. சின்னி விரல்," என்றேன்.

அவர் தன் இடது கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, சின்னி விரலை மற்றக் கையால் தடவினார்.

"பொய் சொல்லுற ஆளோ அவன்?"

"இல்லை அண்ணை. நல்ல மனிசன்." நான் அன்றைக்குச் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

"படேல்லை எண்டு தம்பி எனக்குச் சொன்னவன்," என்றார். எனக்கல்ல, விரலுக்குச் சொல்வதுபோல. "செத்தாப் பிறகும் நம்பிக்கொண்டிருந்திட்டன்."

என் வலது கை உடுத்திருந்த சாரத்தில் துடைக்கப் போகத் துடித்தது. கண் தெரியாத மனிதருக்கு முன்னால் நான் அதை இறுக்கிப் பொத்தி வைத்திருந்தேன். இல்லை அண்ணை, மாறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் அவசரப்படவில்லை. நான் சொல்லவில்லை.

"உனக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. வந்து சொன்னாய்," என்றார். "அண்டைக்கு இந்த மனம் இருந்திருந்தால் உன்ரை பேர் நிண்டிருக்கும்."

பிறகு பக்கத்தில் இருந்த தகரப் பேணித் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, நான் இருந்த திசைக்கு நீட்டினார்.

"முதலாவதை அழி. நான் துடைச்சால் மற்றதுகளிலையும் கை பட்டிடும்."

எழும்பிக் கரும்பலகைக்குப் போனேன். தம்பியின் பெயர் என் நெற்றி உயரத்தில் இருந்தது. வள்ளத்துக்காரர் அகட்டிக் காட்டிய இரண்டு விரல் கண்ணுக்குள் வந்தது. தம்பியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் பெயர் அழிந்தது என்று நம்பவேண்டியது கண் தெரியாத ஒரே ஒரு ஆள்தான்.

துணியைக் கீழே கொண்டுவந்து ஆறாவது இடத்தில் வைத்தேன். நன்றாகச் சத்தம் கேட்கத் தேய்த்தேன். இலக்கம் கரைந்து போனது. வெறும் பலகையையும் தேய்த்தேன்.

"அழிஞ்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"வடிவா?"

"வடிவா."

அவர் முகத்தைப் பலகைப் பக்கம் வைத்தபடியே இருந்தார். துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, விறகு இறக்கிய சைக்கிளை எடுக்கப் போனேன்.